கூடைக்குக் கழித்த இரண்டு

பசை வாசம் மூக்கில் ஏறியதும் முதலில் உன்னைத்தான் திட்டினேன். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் காய்ச்சி, கரப்பான் அரிக்காமலிருக்க ஒரு துளி மயில்துத்தம் போட்ட பசை. போன ஞாயிற்றுக்கிழமை காலை, பொகவந்தலாவைக் கடைவீதியில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்ச் சுவரிலிருந்து அந்த வாசம் வந்தது. கருவாடு வாங்கப் போனவள் நான். என்னிடம் இருந்த ஒரே ஒரு நல்ல சட்டியில் இந்தப் பசையைக் காய்ச்சிக் காய்ச்சியே அதை நாசமாக்கினாயே, அந்தக் கோபம் நாற்பது வருடம் கழித்தும் ஆறவில்லை என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் நீ இருந்தாய். உன்னுடைய முப்பத்தோராம் நாள் நினைவு அறிவித்தல். நீ போய்விட்ட செய்தி எனக்குப் புதிதல்ல. உன் மகன் கண்டியிலிருந்து அன்றைக்கே போன் எடுத்துச் சொன்னான். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் வர என்னால் முடியவில்லை. ஆனால் போனில் கேட்பது வேறு, ஈரப் பசையோடு உன் முகம் சுவரில் இருப்பதைப் பார்ப்பது வேறு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்த படம். யாரையோ கேள்வி கேட்கப் போகிறவளின் முகம். பையைக் கீழே வைத்தேன்.

அதை ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் யார் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் பழைய கதை ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. அதில் எனக்குப் பெருமை இல்லாத ஓர் இடம் உண்டு. அது உனக்கும் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் பொறுப்பெடுத்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஒரே மண்டபம், எட்டு வகுப்பு, நடுவில் ஒரு சுவர் கிடையாது. இந்த மூலையில் ஒருவர் வாய்ப்பாடு சொன்னால் அந்த மூலையில் இருப்பவர் அதைவிடச் சத்தமாகத் திருக்குறள் சொல்ல வேண்டும். நீயும் நானும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தோம், ஒரே குவார்ட்டர்ஸில் ஒரே அறையில் இருந்தோம். நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவேன். நீ வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போவாய். இரண்டு இடத்தில் கொடுப்பதும் இரண்டு பேருக்கும் கிடைக்கும். சட்டி மட்டும் என்னுடையது.

எங்கள் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் படிக்க வேண்டுமென்றால் ஐந்து மைல் நடந்து வந்து பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகள் போவார்கள். மற்றவர்கள் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வயது வந்ததும் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்க மலைக்குப் போவார்கள். தலைமை ஆசிரியர் ஒன்பதாம் வகுப்பு கேட்டு எழுதி எழுதியே பேனா முனை தேய்ந்த மனிதர். கடைசியில் ஒரு கடிதம் வந்தது. நவம்பர் மாதம் கல்வி அதிகாரி வந்து எட்டாம் வகுப்பை நேரில் பார்ப்பார். அவர் திருப்தி என்று எழுதினால் ஜனவரியில் ஒன்பதாம் வகுப்பு. இல்லையென்றால் இல்லை. இருபத்து நான்கு பிள்ளைகளின் அடுத்த வருடம் அந்த ஒரு நாள் வகுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வகுப்பு உன்னுடையது.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்து உன் புது யோசனையைச் சொன்னாய். பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரிப்பது. குழுவுக்கு ஒரு கேள்வி. விடையைத் தேடி ஒரு பெரிய தாளில் எழுதி, படம் வரைந்து, சுவரில் ஒட்டி, பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வது. மற்றக் குழுக்கள் சுற்றி வந்து பார்த்து மார்க் போடுவது.

"ஏன்டி, புள்ளைங்களே புள்ளைங்களுக்கு மார்க் போட்டா நம்ம எதுக்கு இங்க இருக்கோம்?" என்று கேட்டேன்.

"நம்ம பாத்துக்கிட்டு இருப்போம். அதுவும் வேலதான்," என்றாய்.

தலைமை ஆசிரியர் அதைக் கேட்டுவிட்டு, "நோட்டீஸ் ஒட்டறதுக்கா பள்ளிக்கூடம் நடத்துறோம்?" என்றார். அவருக்குச் சுவரில் ஒட்டுவதெல்லாம் நோட்டீஸ்தான். ஆனாலும், நவம்பருக்கு நாள் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்.

தாளுக்கு எங்கே போவது என்று நான் கேட்டபோது நீ தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குப் போய்விட்டாய். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற தாளில் கிழிந்தது, மடிந்தது, அளவு தப்பியது என்று அங்கிருந்த டீமேக்கர் ஒரு கட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு பக்கம் ஈயத்தாள் பளபளக்கும், மறுபக்கம் வெள்ளைத்தாள். நான்கைச் சேர்த்து ஒட்டினால் கதவளவு வரும். நீலத்துக்குத் துணிக்குப் போடும் நீலம், சிவப்புக்குச் செங்கல் தூள், கறுப்புக்கு அடுப்புக்கரி, மண் நிறத்துக்குக் கொதிக்க வைத்த தேயிலைச் சாயம். தேயிலைக் குச்சியின் நுனியைக் கடித்து நாராக்கினால் அது பிரஷ். ஒட்டுவதற்குப் பசை என் சட்டியில்.

பிள்ளைகளைக் குழுவாக்கும்போது எந்த லயத்து வரிசை வீடு என்று நீ பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணச் சொல்லிப் பிரித்தாய். மேட்டு லயத்துப் பிள்ளைகளும் பணிய லயத்துப் பிள்ளைகளும் முதல் தடவையாக ஒரே வாங்கில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு குழு கொழுந்து தேயிலையாகும் வழியை எடுத்துக்கொண்டது. ஒரு குழு நல்லதண்ணியிலிருந்து யாத்திரைக்காரர் மலைக்கு ஏறும் பாதையை எடுத்தது. இன்னொன்று, லயத்துப் பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்று பார்க்கப் போனது. நான்காவது குழுவுக்கு மின்சாரம். நம் தலைக்கு மேலே போகிற அந்தப் பெரிய கம்பி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? அந்தக் குழுவில்தான் பாக்கியம் இருந்தாள். பேச ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே திக்கி நிற்கும் பிள்ளை. அதனாலேயே வகுப்பில் வாயைத் திறக்காமல் எட்டு வருடம் படித்தவள்.

மார்க் போடுவதற்கு நீ மூன்று கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாய். வாசலில் நின்று வாசிக்க முடிகிறதா? சொன்னது உண்மையா, அது எப்படித் தெரியும்? நமக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னதா? மூன்றுக்கும் சேர்த்துப் பத்து மார்க். டஸ்டரால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் குழுக்கள் அடுத்த தாளுக்கு நகர வேண்டும்.

முதல் தடவை முடிந்து துண்டுத்தாள்களைச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்றிலும் எட்டைத் தாண்டவில்லை. மூன்று கேள்விக்கும் ஆமாம், ஆமாம், ஆமாம் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் மார்க் எட்டு. சிலதில் ஆறு. கங்காணி மகன் சிவலிங்கம்தான் ஒரு குழுவுக்குத் தலைவன். அவனைக் கூப்பிட்டுக் கேட்டாய்.

"எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதியிருக்க. அப்புறம் ஏன் எட்டு?"

"பத்துதாங்க டீச்சர் போட்டோம். ரெண்டு கூடைக்குக் கழிச்சிட்டோங்க."

"எந்தக் கூடைக்கு?"

அவன் உன்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை. "நிறுத்தா கழிக்கணும்ல டீச்சர். கொழுந்து நிறுக்கிற மடுவத்துல எல்லாருக்கும் கழிப்பாங்களே."

"சரி, இதுக்கு ஏன் ஆறு?"

"அது மழ நாள்ல செஞ்சதுங்க. தாளு ஈரம். தண்ணிக்கும் சேத்துக் கழிச்சோம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்து வகுப்பே திரும்பிப் பார்த்தது. நீ சிரிக்கவில்லை. அம்மா பறித்துக் கொண்டுவந்த கொழுந்தைத் தராசில் போட்டதும் கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று குறைப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அளப்பது என்றாலே குறைப்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியும். யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. முறைப்படிதான் செய்திருந்தார்கள்.

மேசை விளிம்பில் உட்கார்ந்து, "இங்க கூடை எங்க இருக்கு?" என்று கேட்டாய்.

பிள்ளைகள் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். ஒருத்தி குனிந்து வாங்குக்கு அடியில்கூடப் பார்த்தாள். இல்லை என்றார்கள். இல்லாத கூடைக்கு எப்படிக் கழிக்கிறது என்று கேட்டாய். எழுந்து கரும்பலகையில் எழுதினாய். கழித்தால் எதற்கு என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதை எப்படித் திருத்தலாம் என்றும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் தடவை அந்தச் சட்டமே வம்பை இழுத்தது. மின்சாரத் தாளுக்குப் பக்கத்தில் பாக்கியத்தின் முறை. சிவலிங்கத்தின் குழு ஒன்பது போட்டது. சட்டப்படி அவளுடைய முகத்துக்கு நேரே சொன்னான். "ஒண்ணு கழிச்சோம். பாக்கியத்துக்குப் பேச்சு திக்குது."

அந்தப் பிள்ளை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. எனக்கு அவனை இழுத்து ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. நீ அமைதியாக, "ரெண்டாவதையும் சொல்லு. எப்படித் திருத்துறது?" என்றாய்.

சிவலிங்கம் உண்மையாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பாக்கியத்தைப் பார்த்து, கூரையைப் பார்த்து யோசித்தான். "அதத் திருத்த முடியாதுங்க டீச்சர்."

"அப்ப கழிக்கக் கூடாது. திருத்த முடியாததுக்குக் கழிக்கிறதும் கூடைக்குக் கழிக்கிறதும் ஒண்ணுதான்."

அவன் ஒன்பதை அழித்துப் பத்து என்று எழுதினான். நீ எல்லாக் குழுவுக்கும் பேசும் நேரத்தை இரண்டு நிமிடம் கூட்டினாய், அவளுக்கு மட்டுமென்று சொல்லாமல். அடுத்த வாரம் பாக்கியம் மற்றத் தாள்களைச் சுற்றி வரும்போது முதல் ஆளாகக் கேள்வி கேட்டாள். கேட்டு முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். அன்று எனக்கு உன் மேல் பொறாமை வந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிறகு வந்தது வினை. நீ எழுதிப்போட்ட சட்டம் பிள்ளைகளோடு லயத்துக்குப் போய்விட்டது. ஒரு நாள் சாயங்காலம் மடுவத்தில் பாக்கியத்தின் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எதுக்குக் கழிக்கிறீங்கன்னு சொல்லிட்டுக் கழிங்க ஐயா," என்றாராம். பின்னால் நின்ற பெண்களும் அதையே கேட்டார்களாம். மறுநாள் காலை, மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார். தலைமை ஆசிரியரின் முகம் வெளுத்துப் போயிற்று. தோட்ட நிர்வாகத்தோடு சண்டை போட்டுக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டடம் எங்கே கேட்பது என்பது அவர் பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது.

அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அதிகாரி வர்ற அன்னைக்கு எட்டாம் வகுப்ப நீங்க எடுங்க டீச்சர். வாய்ப்பாடு, செய்யுள், தலைநகரங்கள். புள்ளைங்க ஒண்ணா சொன்னா போதும். இந்த நோட்டீஸ் வெளையாட்டு அன்னைக்கு வேணாம்."

நான் சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. ஒன்பதாம் வகுப்பு கைநழுவிப் போய்விடக் கூடாது என்று நினைத்தேன் என்பது உண்மை. அந்த ஒரு நாளாவது உன் வகுப்பு என் கையில் இருக்கட்டும் என்று நினைத்ததும் உண்மை. இரண்டில் எது பெரிது என்று அன்று என்னை யாரும் கேட்கவில்லை.

நான் வந்து சொன்னபோது நீ பசை கிண்டிக்கொண்டிருந்தாய். அகப்பை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிண்டினாய். "சரி. ஒம்பதாம் வகுப்பு வந்தா போதும், யாரு எடுத்தா என்ன," என்றாய். பிறகு, "தாளுகள மட்டும் செவத்துல இருந்து எடுக்க மாட்டேன்," என்றாய். நீ சண்டை பிடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அந்த நாள் மப்பும் மந்தாரமுமாக விடிந்தது. அதிகாரி சிங்களவர். பல வருடம் ஹட்டனில் வேலை செய்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் புரியும், பேசவும் வரும். வாசலில் போட்டிருந்த சாக்கில் சப்பாத்தை நிதானமாகத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். நீ மண்டபத்தின் அந்தக் கோடியில் அரிவரிப் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதிக்கொண்டிருந்தாய். நான் உன் வகுப்பின் முன்னால் நின்றேன். பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். செய்யுள் சொன்னார்கள். ஒரு பிழை இல்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

செய்யுள் பாதியில் இருக்கும்போதே எழுந்து சுவரிடம் போனார். மின்சாரத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மலையிலிருந்து நீலத் தண்ணீர் இறங்கிக் குளத்தில் சேர்ந்து, குழாயில் பாய்ந்து பொல்பிட்டிய மின்நிலையம் வரை போயிற்று. அங்கிருந்து கரிக்கோடாகக் கம்பி கிளம்பி மலைக்கு மேலே தாண்டிப் போயிற்று. கம்பிக்குக் கீழே ஒரு லயம், லயத்துக்குள் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு. அடியில், தண்ணீர் நம் மலையிலிருந்து போகிறது, மின்சாரம் நம் தலைக்கு மேலே போகிறது என்று எழுதியிருந்தது.

"இது யார் செஞ்சது?" என்று கேட்டார்.

"அது சும்மா படம், சேர்," என்றார் தலைமை ஆசிரியர்.

பாக்கியம் எழுந்து நின்றாள். "நா... நாங்க செஞ்சதுங்க சேர்."

அதிகாரிக்குப் பின்னால் நின்று தலைமை ஆசிரியர் எனக்குக் கையைக் காட்டினார். உட்காரச் சொல்லுங்கள் என்ற அர்த்தம். இருபத்து நான்கு முகமும் என்னைப் பார்த்தன. நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்லப் பிடிக்கும் இடம் இது ஒன்றுதான். மண்டபத்தின் அந்தக் கோடிக்கு நடந்து வந்து உன் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கினேன். "டீச்சர், நீங்க உங்க கிளாஸுக்குப் போங்க. அரிவரிய நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

நீ போய் டஸ்டரால் மேசையில் இரண்டு தட்டினாய். பிள்ளைகள் எழுந்து நான்காகப் பிரிந்து அவரவர் தாளுக்குப் போனார்கள். அதிகாரியிடமும் ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் கொடுத்தாய். அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். பிள்ளைகளோடு பிள்ளையாக நான்கு தாளையும் சுற்றி வந்தார். நல்லதண்ணிப் பாதைக்காரர்களிடம் இரண்டு கேள்வி கேட்டு, ஒன்றுக்கு எங்களுக்குத் தெரியாதுங்க சேர், கேட்டுச் சொல்றோம் என்ற பதிலை வாங்கிக்கொண்டார். கடைசியில் மின்சாரத் தாளுக்கு மார்க் எழுதிப் பாக்கியத்தின் கையில் கொடுத்தார். ஏழு.

பாக்கியம் அதைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். "மூ... மூணு எதுக்குங்க சேர் கழிச்சீங்க?"

சுவரில்லாத மண்டபம் என்றேனே, அந்தக் கேள்வி எட்டு வகுப்புக்கும் கேட்டது. என்னுடைய அரிவரிகூட வாயை மூடிக்கொண்டது. தலைமை ஆசிரியர் தூணைப் பிடித்துக்கொண்டார். போயிற்று ஒன்பதாம் வகுப்பு என்றுதான் நானும் நினைத்தேன்.

அதிகாரி வாசல்வரை நடந்து போய்த் திரும்பி நின்று தாளைப் பார்த்தார். "ஒண்ணு, எழுத்து சின்னது. இங்க இருந்து எனக்கு வாசிக்க ஏலாது."

"பெ... பெருசா எழுதுறோங்க."

"ரெண்டு, தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு அம்பு போடல்ல."

"போ... போடுறோங்க. மூணாவது, சேர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளைகள் பழக்கப்படி காத்திருந்தார்கள். "மூணாவது," என்று தொடங்கி, "மூணாவது ஒண்ணுமில்ல. நான் ஒருத்தருக்கும் முழு மார்க் போடுறதில்ல. அப்படிப் பழகிப்போச்சு," என்றார்.

பாக்கியம் தலையை ஆட்டினாள். "கூ... கூடைக்குங்க," என்றாள், அவருக்கு உதவி செய்கிற குரலில்.

எட்டாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. அதிகாரி என்ன என்று உன்னைப் பார்த்தார். நீ பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் கூடையின் கதையைச் சொன்னாய். அவர் சிரிக்காமல் கேட்டார். துண்டுத்தாளைத் திருப்பி வாங்கி, ஏழு என்பதை அடித்துவிட்டு எட்டு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வாசலில் தலைமை ஆசிரியரிடம், இந்தப் பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு நிறுத்துவது சரியில்லை என்று அவர் சிங்களத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. நான் அரிவரியோடு சேர்ந்து அ, ஆ என்று கத்திக்கொண்டிருந்தேன், கண்ணீர் வந்ததை மறைக்க.

ஜனவரியில் ஒன்பதாம் வகுப்பு வந்தது. அதற்கு வேண்டிய வாங்குகளைத் தலைமை ஆசிரியரே தூக்கி வந்து போட்டார். மடுவத்தில் கழிவு நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கப்பிள்ளை காரணம் சொல்லிக் கழிக்கப் பழகினார். காரணம் சொல்ல வெட்கமாக இருந்த நாட்களில் கழிக்கவில்லை.

அதிகாரி வந்துபோன வாரத்துச் சனிக்கிழமை நாம் கடைக்கு நடந்து போகும்போது நான்தான் கேட்டேன். "அன்னைக்கு நான் செஞ்சதுக்கு எத்தன போடுவ?"

"ஆறு," என்றாய், கொஞ்சமும் தயங்காமல்.

"நாலு எதுக்கு? கிளாஸத்தான் திருப்பிக் குடுத்துட்டேன்ல."

"வாங்குனதுக்கு இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட சரின்னு சொன்னதுக்கு."

"எப்படித் திருத்துறது?"

"இனிமே எதுன்னாலும் எங்கிட்ட முதல்ல சொல்லு."

சொன்னேன். எனக்கு இடமாற்றம் வந்ததை உனக்குத்தான் முதலில் சொன்னேன், கலியாணப் பேச்சையும்தான். நீ கண்டிக்குப் போன பிறகு கடிதத்திலும், பிறகு போனிலும் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு வந்த நோயை என் அம்மாவுக்கும் முன்னால் உனக்குச் சொன்னேன். நான் வேலை பார்த்த ஐந்து பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகள் தாள் ஒட்டினார்கள், சுற்றி வந்தார்கள், காரணம் சொல்லிக் கழித்தார்கள். அதையெல்லாம் நீ கேட்டுக்கொண்டிருந்தாய். அந்த ஆறு மார்க்கை மட்டும் கடைசிவரை மாற்றவேயில்லை. பிடிவாதக்காரி.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சுவரில் உன்னை ஒட்டிக்கொண்டிருந்தது பாக்கியம். தலை நரைத்துவிட்டது. இப்போது தபால் கந்தோரில் இருக்கிறாள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் சிவலிங்கம், கொழும்பில் கடை வைத்திருக்கிறான், தொந்தியும் வைத்திருக்கிறான். இதற்கென்றே வந்திருக்கிறார்கள். தாளின் அடியில் இப்படிக்கு என்ற இடத்தில் உன் மகன் பேர் இல்லை, சங்கம் பேர் இல்லை. முதலாவது ஒன்பதாம் வகுப்பு என்று இருந்தது.

என்னைக் கண்டதும் பாக்கியம் ஏணியிலிருந்து இறங்கினாள். வணக்கம் சொன்னார்கள். பிறகு இரண்டு பேரும் தெருவைத் தாண்டிப் பஸ் நிற்கும் பக்கத்துக்குப் போய்த் திரும்பி நின்றார்கள். எதற்கு என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் நானும் நொண்டிக்கொண்டே போய் அவர்கள் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து எல்லாம் வாசிக்க முடிந்தது.

"எ... எத்தன போடுறீங்க டீச்சர்?" என்று பாக்கியம் கேட்டாள்.

முறைப்படிதான் பார்த்தேன். தூரத்திலிருந்து தெரிகிறது. சொன்னது உண்மை, அதில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் நானே சாட்சி. எனக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னது, அந்தக் கடைசி வரி.

"ஒம்போது," என்றேன்.

"ஒ... ஒண்ணு எதுக்குங்க?"

"அவ இல்லையே, பாக்கியம்."

அவள் உதடு ஏதோ ஓர் எழுத்தில் நின்றது. நான் காத்திருந்தேன். சிவலிங்கம் பசை வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. உன் முகத்தை மறைத்த பஸ் விலகியதும் அவள் கேட்டாள். "அ... அத எப்படிங்க டீச்சர் திருத்துறது?"

பையில் கருவாட்டுக்கு எழுதிக்கொண்டு போன சீட்டு இருந்தது. சிவலிங்கத்திடம் பேனா வாங்கி, அதன் பின்பக்கத்தில் பத்து என்று எழுதி, கையெழுத்துப் போட்டுப் பாக்கியத்திடம் கொடுத்தேன். கருவாடு வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் என் பிள்ளைகள் கேட்டார்கள், ஏன் அழுதீர்கள் என்று. பஸ் புகை என்று சொல்லிவிட்டேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.